சோறில்லாத மாட்டுப் பொங்கல் விருந்து

போடியில் ஏலக்காய் மூட்டைகளைச் சேர்த்து வைக்கும் ஒரு கிட்டங்கியில் தரம் பிரிக்கிற வேலை எனக்கு. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பேன். மூன்று வேளையும் சோறு, அதுவும் குவித்து வைத்த சோறு. போன ஐப்பசியில் டாக்டர் என் ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, "சோத்தைக் குறைக்கலேன்னா ஊசிதான்" என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கே என் மனைவியும் சோற்றை விட்டாள். அவளுக்கு ஒரு நோயும் கிடையாது. பக்கத்து ஊரான சிலமலையில் நெல் விளைகிற வீட்டில் பிறந்தவள். ஏன் என்று கேட்டதற்கு, "உங்க முன்னாடி உக்காந்து நான் மட்டும் எப்படித் திங்கிறது?" என்றாள்.

தை நெருங்கியது. பெங்களூரில் புது வேலையில் சேர்ந்திருந்த மகளுக்கு லீவு கிடைக்கவில்லை.

"நாம ரெண்டு பேருதானே. மாட்டுப் பொங்கலுக்கு ஆளுக்கு ரெண்டு முட்டைய அவிச்சுத் தின்னுட்டுப் படுத்துக்கிருவோம்" என்றேன்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்ல நாள்லயும் பத்தியமா? விருந்துன்னா விருந்துதான்."

காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினாள். சோற்றுக்குப் பதில் அரிசி போலத் துருவிய காலிபிளவர். கறி வறுவல், கீரை. இனிப்புக்கு வெல்லம் போடாத தேங்காய்ப்பால், ஏலக்காய் தட்டி. பத்து நாளைக்கு முன்னாலேயே சமைத்துப் பார்க்கவும் தொடங்கினாள். முதல் தடவை காலிபிளவர் களியாகிவிட்டது. இரண்டாம் தடவை அடிப்பிடித்தது. மூன்றாம் தடவை தண்ணீர் தெளிக்காமல், மூடி போடாமல் வதக்கினாள்; உதிரி உதிரியாக வந்தது. சோறே இல்லாத ஓர் இலைச் சாப்பாட்டுக்கு இவ்வளவு மெனக்கெட்ட ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

பொங்கலுக்கு முந்தின நாள் அவள் தம்பி சீர் கொண்டுவந்தான். கரும்பு, மஞ்சள், ஒரு மூட்டை புது அரிசி. அதுவரை அவனிடம் நாங்கள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவள் சொன்னதும் அவன் முகம் சுருங்கிவிட்டது.

"நம்ம வயக்காட்டு அரிசிக்கு உன் வீட்டு உலையில எடமில்லையாக்கா?"

எனக்குத் தலை குனிந்துவிட்டது. "எல்லாம் என்னாலதான் மாப்ளே" என்றேன்.

அவள் குறுக்கே வந்தாள். "அப்பு, நாளைக்கு இந்த அரிசியிலதான் பொங்க வைப்பேன். சூரியனுக்குப் படைச்சிட்டு நாங்க ஆளுக்கு ஒரு கரண்டி. மிச்சத்தை அக்கம்பக்கம் குடுத்திருவேன். உன் மச்சான் நல்லா இருக்கணும்டா. அதுக்கப்புறம்தான் அரிசியும் பருப்பும்."

அவன் காப்பியைக் குடித்துவிட்டு, "சோலி கெடக்கு, போறேன்" என்று பஸ் ஏறப் போய்விட்டான். மனத்தாங்கலோடு போகிறான் என்றே நினைத்தேன்.

மாட்டுப் பொங்கல் அன்று வெயில் தாழ்ந்த நேரம். அவள் கறிக்கடைக்கு என்னை அனுப்பப் பையை எடுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் பைக் சத்தம் கேட்டது. மச்சினன் நின்றிருந்தான். வேட்டியில் மாட்டுக் கொம்புக்கு அடித்த பெயிண்ட் ஒட்டியிருந்தது. ஒரு கையில் சுத்தம் செய்த நாட்டுக்கோழி, மறு கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை.

"அரிசி ஆகாதுன்னா கோழி ஆகும்ல மச்சான்? வெரசா அடுப்புல போடச் சொல்லுங்க. மாட்டை அவுத்துவிட்டபடிக்கு வந்துட்டேன், கெளம்புறேன்."

உட்காரக்கூட இல்லை. அவன் பைக் தெருமுனை திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கண் கலங்கியிருந்தது.

விளக்கு வைத்ததும் இரண்டு இலை போட்டாள். மிளகும் சீரகமும் போட்டு வறுத்த கோழி, அதன் சாற்றில் பிசைந்த காலிபிளவர், ஒரு பக்கம் கீரை. சோறு இல்லையே என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. தேங்காய்ப்பாலை டம்ளரில் ஊற்றியபோது எங்கள் மலை ஏலக்காயின் வாசம் வீடெல்லாம் பரவியது.

கோழி ஈரல் ஒன்றுதான் இருந்தது. வழக்கம்போல அதை என் இலையில் வைத்தாள். நான் எடுத்து அவள் இலைக்கு மாற்றினேன். அன்று ஏனோ மறுக்காமல், மெதுவாக மென்று சாப்பிட்டாள்.