மருந்துக்கடை அக்கா செய்த முறைப்பாடு

பிராங்பேர்ட்டில் எங்கள் தெருவில் மருந்துக்கடை வைத்திருந்த அக்கா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் மருந்துச்சீட்டை வாசிப்பார். அப்பா தன் இதய மருந்தை அவரிடம்தான் வாங்குவார். ஒருநாள் மருத்துவக் காப்புறுதி நிறுவனம் அப்பாவுக்குப் போன் செய்து, இனித் தபாலில் மருந்தெடுக்கச் சொன்னது. பார்சல் பிந்தியது. மருந்தில்லாத அந்த இடைவெளியில் அப்பாவின் இதயம் நின்றுவிட்டது.

செத்தவீட்டுக்கு வந்த அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, நோயாளியை இப்பிடித் தபால் மருந்துக்குத் திருப்பக் காப்புறுதிக்காரருக்கு உரிமை இல்லை. அவையைக் கண்காணிக்கிற மேற்பார்வை அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதிறன். சாட்சி சொல்லுவீங்களோ?"

"உங்கட கடைக்காகவோ, அக்கா?" என்று கோபமாய்க் கேட்டேன்.

"ஓம், கடைக்காகவும்தான். ஆனா அவை இண்டைக்கும் ஆருக்கோ போன் பண்ணுவினம்."

கையெழுத்து வைத்தேன். போனில் சொன்னதற்கு ஆதாரமில்லை என்று பதில் வந்தது. அக்கா திரும்பவும் எழுதினார். அதற்குள் கடையை மூட வேண்டியதாயிற்று. செத்தவீட்டில் நின்று அப்படி ஒளிக்காமல் பேசிய மனுசியை அடிக்கடி நினைக்கிறேன். இரண்டாவது முறைப்பாட்டுக்கு இன்னும் பதில் இல்லை.