வாசலில் கழற்றிய ஷூ

1. திறப்பு விழா

மாரியப்பன் அண்ணாச்சி விழுந்தபோது நான் ஒரு கை தூரத்தில் நின்றேன். பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் மற்றவர்கள்மேல் கோபப்பட எனக்குத் தகுதி இல்லை.

2008 வாக்கில் சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். மகளுக்கு ஒன்றரை வயது. பக்கவாதம் வந்தவர்களை நடக்க வைக்கும் ரோபோ கால் ஒன்றை ஒரு கம்பெனி மூன்று மாதச் சோதனைக்குக் கொடுத்திருந்தது. தொடையிலிருந்து கணுக்கால்வரை ஸ்ட்ராப் போட்டுக் கட்ட வேண்டும். இடுப்பில் பேட்டரி, ஷூவுக்குள் மெல்லிய சென்சார் தகடு. பாதம் தரையை அழுத்தினால் மோட்டார் முழங்காலை நிமிர்த்திப் பிடிக்கும். பாதம் எழும்பினால் முழங்காலை மடக்கிக் கொடுக்கும். கால் தரையில் இருக்கிறதா என்பது மோட்டாருக்கு அந்தத் தகட்டால்தான் தெரியும்.

அண்ணாச்சி அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் போர்மேன். பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. தீபாவளி சீசனுக்கு முன்னால் ஆலை கேட்டிலிருந்து ஆபீஸ்வரை யார் துணையும் இல்லாமல் நடந்து வந்தால் ஸ்டோரில் வேலை தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். அதற்காகவே அண்ணாச்சி ரோபோ காலைப் போட்டுக்கொள்ளச் சம்மதித்தார்.

ஆனால் ஷூவை அறைக்குள் போட மாட்டேன் என்றார். ஆலையில் வெடிமருந்து கலக்கும் மருந்து ரூமுக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. "அடியில ஒரு மணல் உரசினாப் போதும் தாயி, ரூமே இருக்காது" என்றார். இருபது வருடம் இதற்காகவே ஆட்களைத் திட்டியவர். தெரபி ரூம் வாசல் வந்தாலே நல்ல கை தானாக ஷூவுக்குப் போகும். நானும் ஷூவோடு உள்ளே நின்று காட்டி, அவரைச் சம்மதிக்க வைக்க ஒரு வாரம் ஆயிற்று. அப்புறம் ஒழுங்காக நடந்தார்.

ரோபோ கால் சிகிச்சைப் பிரிவின் திறப்பு விழா அன்று ஹாலில் சிவப்புக் கம்பளம் விரித்துக் குத்துவிளக்கு வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி மேனேஜர் அண்ணாச்சியின் ஷூவைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "விளக்கு ஏத்துற எடத்துல ஷூவோடயா? போட்டோ பேப்பர்ல வரும் மேடம். பத்து ஸ்டெப்தான, அட்ஜஸ்ட் பண்ணுங்க."

சென்சார் அதில்தான் இருக்கிறது என்று ஒரே ஒரு முறை, மெதுவாகச் சொன்னேன். மகளின் காய்ச்சலுக்காக அந்த மாதம் நான்கு லீவு எடுத்திருந்தேன். அதற்குமேல் வாய் வரவில்லை. தகட்டை உருவி அவருடைய வெறும் பாதத்தில் நானே பிளாஸ்டர் போட்டு ஒட்டினேன். அண்ணாச்சிக்கு ஷூ போனதில் சந்தோஷம்.

மூன்றாவது அடியில் பிளாஸ்டர் கம்பளத்தில் பிசகித் தகடு மடங்கியது. கால் காற்றில் இருப்பதாக மோட்டார் நினைத்துக்கொண்டது. உடம்பின் மொத்தப் பாரமும் அந்தக் காலில் இருக்கும்போது முழங்காலை மடக்கியது. அவர் விழுந்தார். சுற்றி நின்றவர்கள் முதலில் பிடித்தது குத்துவிளக்கை.

2. கையெழுத்து

மதியத்துக்குள் கம்பெனிக்கு அனுப்ப அறிக்கை தயார். நோயாளி பயந்துவிட்டார், ஒத்துழைக்கவில்லை, வேறு நோயாளியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று டைப் அடித்திருந்தது. கீழே என் பெயர்.

"நம்ம தப்புன்னு எழுதினா மெஷினையே தூக்கிட்டுப் போயிருவாங்க. மத்த பேஷண்டெல்லாம் என்ன செய்வாங்க?" என்றார் மேனேஜர்.

அதில் நியாயம் இருக்கிறதோ என்று தோன்றியது. கையெழுத்துப் போட்டேன்.

வார்டுக்குப் போனேன். அண்ணாச்சியின் நல்ல கை மணிக்கட்டில் வீங்கியிருந்தது. ஒத்துழைக்கவில்லை என்று சோதனையிலிருந்து எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு அதற்குள் அவர் காதுக்கும் வந்திருந்தது.

"எம்மேலதான் தப்பு தாயி. பயந்துட்டேன் போல. நீங்க எம்புட்டுச் சொல்லிக் குடுத்தீக."

அவர் மனைவி பேச்சியம்மாள் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "ஷூவை மாட்டுங்கன்னு ஒரு வாரம் மல்லுக்கட்டினது நீங்க. இன்னைக்குக் கழத்துங்கன்னதும் நீங்க. ரெண்டுக்கும் இவரு சரின்னாரு. இதுல எங்கன ஒத்துழைக்கல?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மேனேஜர்மேலா, என்மேலா என்று பிரித்துச் சொல்ல இன்றும் தெரியவில்லை. பக்கவாதம் வந்த மனுஷனைப் படத்துக்காக நிற்க வைத்து, விழ வைத்து, விழுந்த பழியையும் அவர் தலையில் கட்டியிருந்தோம். அவரும் அதை நம்பிவிட்டார்.

3. திருத்தம்

மேனேஜர் விருந்தினர்களை வழியனுப்பப் போயிருந்தார். பைலை எடுத்தேன். என் கையெழுத்தை அடித்துவிட்டு அடியில் இரண்டு வரி எழுதி, கம்பெனி என்ஜினீயருக்கு நானே பேக்ஸ் அனுப்பினேன். பட்டனை அமுக்கிய பிறகும் தப்போ தப்போ என்றுதான் இருந்தது.

விஷயம் தெரிந்ததும், "லீவு கேட்டு வருவீங்கல்ல, அப்பப் பாத்துக்கிறேன்" என்றார் மேனேஜர். சொன்னபடியே செய்தார். மகளுக்கு அம்மை போட்டபோது ஒருநாள்கூடத் தரவில்லை. அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை, ஆற வேண்டும் என்றும் நினைக்கவில்லை.

மெஷினை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. என்ஜினீயர் நான்காம் நாள் நேரில் வந்தார். அண்ணாச்சியிடம் மருந்து ரூம் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, வெறுங்காலிலேயே மாட்டும்படி தகட்டைத் துணி உறைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். முதல் வாரமே என்ஜினீயரிடம் நான் கேட்டிருக்க வேண்டியது. அண்ணாச்சியைச் சம்மதிக்க வைப்பதுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன்.

மூன்று மாதம் முடிந்து ரோபோ கால் திரும்பிப் போனது. சீசனுக்கு முன்னால் அண்ணாச்சி கைத்தடியோடு, வெறுங்காலோடு, கேட்டிலிருந்து ஆபீஸ்வரை நடந்தார். வழியில் இரண்டு முறை நின்றாராம்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று எழுதுமுன் நீங்கள் அவருக்கு என்ன சொன்னீர்கள் என்று எழுதிப் பாருங்கள். அன்று நான் எழுதிய இரண்டு வரி இதுதான்:

நோயாளி ஒத்துழைத்தார்.
ஷூவைக் கழற்றியது நாங்கள்.