யோகராணி பேசிய போர்த்துக்கேயம்

யோகராணிக்கு இங்கிலீஷ் வராது என்று மெல்பேர்ன் முழுவதையும் நம்பவைத்தவர் அவருடைய கணவர் சிவபாலன்தான். உண்மையில் யோகராணிக்கு இங்கிலீஷ் வரும். அவர் வாயைத் திறந்து முதற்சொல்லைச் சொல்வதற்குள் சிவபாலன் வசனத்தை முடித்துவிடுவார், அவ்வளவுதான். கிளேட்டன் மரக்கறிக்கடையிலும் வங்கியிலும் பக்கத்து வீட்டு வேலியடியிலும் இதே நிலைமை. ஒருமுறை டொக்டர் யோகராணியைப் பார்த்து எங்கே நோகிறது என்று கேட்டார். சிவபாலன் பதில் சொன்னார். எந்தப் பக்கம் என்று கேட்க, அதற்கும் சிவபாலனே சொன்னார். இடப்பக்கம் என்றார். நொந்தது வலப்பக்கம்.

சிவபாலன் வீதிகள் போடும் பகுதியில் பொறியியலாளர். வீட்டில் தமிழ் பேசும்போதுகூடக் கதிரையை 'செயார்' என்பார், சப்பாத்தை 'ஷூ' என்பார். யோகராணி ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடைத்துக்கொண்டிருந்தார். அங்கே அவருக்கு ஒரு பக்கம் கிரேக்கப் பெண்கள், மறுபக்கம் இத்தாலியப் பெண்கள். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. ஆனாலும் யாருடைய மாமியார் எப்படிப்பட்டவர் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

1978ஆம் ஆண்டு இருவரும் லண்டனில் இருந்த சிவபாலனின் தமையன் வீட்டுக்குப் போனார்கள். அங்கிருந்து மலிவாகக் கிடைத்த ஒரு பயண ஏற்பாட்டில் மூன்று நாள் போர்த்துக்கலின் லிஸ்பன். நான் எழுதப்போவது அதில் நடுநாளைப் பற்றி. யோகராணி சொல்லக் கேட்டது இது. சிவபாலன் சொன்னால் கொஞ்சம் வேறுமாதிரி இருக்கும்.

அன்று திங்கட்கிழமை. பார்க்கவேண்டிய பதினான்கு இடங்களைச் சிவபாலன் நேரம் போட்டு எழுதி வைத்திருந்தார். கதீட்ரலுக்கு முப்பத்தைந்து நிமிடம், கோட்டைக்கு ஐம்பது நிமிடம், மதியச் சாப்பாட்டுக்கு இருபது. நகரத்து வரைபடத்தை லண்டனிலேயே மனப்பாடம் செய்துவிட்டார். மஞ்சள் ட்ராமில் மலையேறி, கோட்டைக்குப் போகும் ஒடுங்கிய கல்லொழுங்கையில் அவர் முன்னால் விரைந்துகொண்டிருந்தபோது, வலது சப்பாத்தின் அடித்தோல் கழன்று நாய் நாக்கைப் போலத் தொங்கியது.

சிவபாலன் எதிரே வந்தவர்களை மறித்து, "ஷூ! ஷூ ரிப்பேர்!" என்று ஒவ்வொரு எழுத்தாகக் கத்தினார். அவர்கள் ஒதுங்கிப் போனார்கள். ஒருவர், இவர் கோழி துரத்துகிறார் என்று நினைத்தாரோ என்னவோ, குனிந்து தேடினார்.

"இஞ்சாருங்கோ, சப்பாத்தைக் கழட்டுங்கோ, மிச்சமும் பிஞ்சுபோகும்" என்றார் யோகராணி.

மேலே யன்னலொன்றில் தலைமயிருக்கு உருளை சுற்றியபடி நின்ற ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "சப்பாத்து?" என்றாள்.

யோகராணி திகைத்துப்போனார். "ஓம், சப்பாத்து" என்றார்.

அந்தப் பெண் கையை நீட்டி, கீழே மூன்றாவது கதவில் சப்பாத்துத் தைப்பவர் இருக்கிறார் என்று காட்டினாள்.

சிவபாலன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "உமக்கு எப்பிடி இவையின்ர பாஷை தெரியும்?"

அந்தக் கணத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சப்பாத்து என்பது, ஒருகாலத்தில் தங்கள் யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கேயர் அங்கே விட்டுப்போன சொற்களில் ஒன்று என்று யோகராணிக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஆனால் பன்னிரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் கணவரின் முகத்தில் இப்படியொரு வியப்பை அவர் பார்த்ததேயில்லை.

"பக்டரியில மரியா எண்டு ஒருத்தி. அவ சொல்லித் தந்தவ" என்றார்.

தைப்பவர் காற்சப்பாத்தை வாங்கி முகர்ந்து பார்ப்பவர்போலப் பார்த்துவிட்டு, மற்றதையும் கழற்றச் சொன்னார். அதுவும் இன்றோ நாளையோ போய்விடும் என்று கையால் காட்டினார். பிறகு சுவர்க்கடிகாரத்தில் மூன்று மணியைத் தொட்டார். அப்போது பத்தரை. காலுக்குப் போட அங்கே இருந்தது பூப்போட்ட பெண்கள் செருப்பு ஒன்றுதான். சிவபாலன் அதைத் தொட மறுத்துவிட்டார்.

யோகராணி துணிந்து அடுத்த சொல்லை இறக்கினார். தொழிற்சாலை இத்தாலியப் பெண்களைப் போல விரல்களைக் குவித்து, சொல்லின் வாலை இழுத்து, "கதிரை?" என்றார். தைப்பவர் உடனே ஒரு கதிரையைத் தூக்கிவந்து ஒழுங்கையில் போட்டார். சிவபாலன் காலுறையோடு அதில் அமர்ந்தார். இடது பெருவிரல் காலுறைக்கு வெளியே இருந்தது. சிவபாலனும் சின்ன வயதில் வீட்டில் நாள் முழுக்கக் கேட்ட சொல்தான் அது. ஆனால் அந்நியப் பாஷையை எதிர்பார்த்த காதில் அது அந்நியப் பாஷையாகவே விழுந்தது.

"லிஸ்ற்றைத் தாங்கோ" என்றார் யோகராணி. "நான் எல்லாம் பாத்துப்போட்டு வாறன்."

"தனியவோ?"

"எனக்குத்தான் பாஷை தெரியுமே."

ஒழுங்கை திரும்பியதும் அந்தக் கடதாசியை மடித்து விசிறியாக்கிக்கொண்டார். கதீட்ரலைத் தாண்டிப் போனார். உள்ளே போகவில்லை. ஆறு தெரியும் ஒரு மேட்டில் வாங்கொன்று நிழலில் கிடந்தது. அதில் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து, கீழே சிவப்புக் கூரைகளையும் கொடியில் ஆடிய உள்ளாடைகளையும் பார்த்தார். எதிர்ச்சுவரில் தேர்தல் சுவரொட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன. ஒருவருடைய மீசையின் கீழ் இன்னொருவருடைய வாய். பிறகு ட்ராமில் ஏறிக் கடைசித் தரிப்பு வரைக்கும் போய், இறங்காமலே திரும்பி வந்தார். ஒரு பேக்கரியில் "பாண்" என்று சொல்லிப் பார்த்தார். பாண் வந்தது.

பாணோடு வந்தவரை, யன்னலில் நின்ற அதே பெண் உள்ளே கூப்பிட்டாள். பெயர் கிராசா. யோகராணி "குசினி?" என்று கேட்க, அவள் சிரித்துக்கொண்டு குசினிக்கே கூட்டிப்போனாள். மேசை, அலுமாரி, துவாய், சாவி என்று யோகராணி ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்ல, கிராசா ஒவ்வொன்றுக்கும் கைதட்டினாள். அடுப்பில் சாளை மீன் வெந்துகொண்டிருந்தது. எல்லாச் சொல்லும் கைகொடுக்கவில்லை. தண்ணீர் வேண்டும் என்பதற்காக யோகராணி "கோப்பை" என்றார். கிராசா ஒரு கிளாஸ் நிறையச் சிவப்பு வைன் ஊற்றி வைத்தாள்.

"முதல் கிளாஸை மரியாதைக்காகக் குடிச்சனான்" என்று யோகராணி என்னிடம் சொன்னார். "ரெண்டாவதை ஏன் குடிச்சனான் எண்டு ஞாபகமில்லை."

மூன்று மணிக்கு அவர் திரும்பியபோது சிவபாலன் அதே கதிரையில் இருந்தார். தைப்பவர் மதியம் கடையைப் பூட்டிச் சாப்பிடப் போயிருக்கிறார். சப்பாத்தில்லாமல் சிவபாலனுக்குப் போக இடமில்லை. தைப்பவர் திரும்பி வந்த பிறகு இங்கிலாந்து உல்லாசப் பயணிகள் ஒழுங்கையால் வந்து, கதிரையில் சாய்ந்திருந்தவரை ஊர்க்காரர் என்று நினைத்துக் கோட்டைக்கு வழி கேட்டார்கள். வரைபடம்தான் மனப்பாடமாயிற்றே! இடம் வலம் படிக்கட்டு என்று விரிவாகச் சொன்னார். அவருடைய ஆங்கிலம் மிக நன்றாக இருக்கிறது என்று ஒரு சீமாட்டி பாராட்டி, பெப்பர்மின்ற் ஒன்றைக் கையில் வைத்துவிட்டுப் போனார். பின்னால் வந்தவர்களும் கேட்டார்கள். நாலு குழுவுக்கு வழி சொன்னாராம். அந்தப் பாராட்டை மட்டும்தான் சிவபாலன் சொன்னார். மிச்சத்தைத் தைப்பவர்தான் யோகராணிக்கு நடித்துக் காட்டினார். பெப்பர்மின்ற் மட்டும் இன்னும் சிவபாலனின் கன்னத்துக்குள் இருந்தது.

"எல்லா இடமும் பாத்தீரோ?" என்று கேட்டார் அவர்.

"ஓம்."

"கதீட்ரல்?"

"பெரிசு."

"கோட்டை?"

"நல்ல உயரம்."

"மியூசியம்?"

"உள்ளுக்கு ஒரே இருட்டு."

"திங்கக்கிழமை மியூசியம் பூட்டு எண்டு இப்பதான் ஒரு வெள்ளைக்காரர் சொல்லிட்டுப் போறார்."

"அதுதான் இருட்டு" என்றார் யோகராணி.

மெல்பேர்ன் திரும்பியதும் சிவபாலன் செய்த வேலைதான் விபரீதம். மனைவிக்குப் போர்த்துக்கேயம் தெரியும் என்று அலுவலகம் முழுக்கச் சொல்லிவிட்டார். அது பரவி, இரண்டு மாதத்தில் தாய்சேய் நிலையத்திலிருந்து ஒரு தாதி தொலைபேசியில் அழைத்தார். போர்த்துக்கேயர் ஆண்ட திமோரிலிருந்து தப்பிவந்த ஒரு பெண்ணின் பேச்சு யாருக்கும் விளங்கவில்லை, யோகராணி வந்து உதவமுடியுமா என்று கேட்டார்.

யோகராணியால் மறுக்க முடியவில்லை, சிவபாலன் பக்கத்தில் நின்று 'யெஸ்' சொல்லிவிட்டார்.

லூர்தெஸ் என்ற அந்தப் பெண் கைக்குழந்தையோடு சுவர் மூலையில் இருந்தாள். யோகராணி, தெரிந்த சொற்களை ஒவ்வொன்றாகக் கொட்டினார். கைக்குட்டையைக் காட்டி லேஞ்சி. துவாய். யன்னல். அலுமாரி. லூர்தெஸ் சிரித்துவிட்டாள். பிறகு அழுதாள். கைகளாலும் முகத்தாலும் மிச்சம் நடந்தது, பிஸ்கட் பெட்டிகளுக்கு நடுவில் பழகிய முறையில். குழந்தை பால் கக்குகிறது என்பதும், கணவர் எங்கே என்று தெரியவில்லை என்பதும் அரைமணித்தியாலத்தில் வெளிவந்தன. யோகராணி தாதியிடம் உண்மையைச் சொன்னார். தனக்கு முப்பது சொல்தான் தெரியும், எல்லாம் வீட்டுச் சாமான்.

"எங்களுக்கு ஒன்றுமே தெரியாதே, அடுத்த வியாழனும் வாருங்கள்" என்றார் தாதி.

திரும்பும் வழியில், காருக்குள் வைத்துக் கணவரிடமும் சொல்லிவிட்டார். சிவபாலன் சிவப்பு விளக்கில் காரை நிறுத்தி, "சப்பாத்து... கதிரை... குசினி..." என்று முணுமுணுத்தார். விளக்குப் பச்சையாகிப் பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள்.

"அப்ப மரியா எண்டு ஒருத்தியும் இல்லையோ?"

"இருக்கிறா. அவ இத்தாலிக்காரி."

மூன்றாம் நாள் சிவபாலன் நூலகத்திலிருந்து ஒரு போர்த்துக்கேய அகராதியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

வியாழன்கள் தொடர்ந்தன. லூர்தெஸ் பாஷை சொல்லிக்கொடுத்தாள், யோகராணி தையலும் ட்ராம் வழிகளும் சொல்லிக்கொடுத்தார். 1979 மார்கழியில் லூர்தெஸின் கணவர் கண்டுபிடிக்கப்பட்டு, வந்து இறங்கினார். விமான நிலையத்துக்குச் சிவபாலன்தான் காரோட்டினார். அந்த மனிதர் அழுது முடித்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, சிவபாலனின் கையைப் பிடித்து நீளமாக என்னவோ சொன்னார். சிவபாலனுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

"என்னவாம்?" என்று மனைவியைக் கேட்டார்.

"உங்கட கார் சின்னனாம்" என்றார் யோகராணி.

லூர்தெஸின் கணவர் உண்மையில் என்ன சொன்னார் என்று நானும் பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். யோகராணி சிரிக்கிறாரே தவிரச் சொல்வதில்லை.