சாமியறைக்கு மேலை இருந்தது

கட்டின வீட்டை இடிக்கிறவனுக்கும் ஒரு பெயர் இருக்கு; கட்டாத வீட்டைக் கொம்பியூட்டரிலை குறுக்காலை வெட்டுற எனக்கு என்ன பெயர் எண்டு வெள்ளவத்தையிலை ஒருத்தருக்கும் தெரியாது. வெட்டினால்தான் உள்ளுக்கு அறை, படி, உயரம் எல்லாம் தெரியும். அந்த வெட்டைத்தான் செக்சன் எண்டுறம். என்னைப்போல வெட்டிப்போட்டு, எந்தப் பக்கம் நிக்கிறம் எண்டு தெரியாமல் முழுசுற ஆக்களே, இது உங்களுக்குத்தான்.

முன்சுவர்

கொட்டாஞ்சேனையிலை பார்மசி வைச்சிருக்கிற சுபத்திரா அக்கா, ஐஞ்சு பேர்ச் காணியிலை மாடிவீடு கட்ட எங்கட ஒபிசுக்கு வந்தா. இருக்கிற வாடகை வீட்டை விடச் சொல்லியாச்சாம். ஆடி பிறந்தால் ஒண்டும் தொடங்கேலாது, அதுக்கு முதல் அத்திவாரக்கல் வைச்சே ஆகவேணும் எண்டு வந்த உடனையே சொல்லிப்போட்டா.

உள்ளுக்குப் பாக்கட்டும் எண்டு முன்பக்கத்தை வெட்டிக் காட்டினன். குசினி, ஹோல், படி எல்லாம் பளிச்செண்டு தெரிஞ்சுது. எனக்குப் பெருமை தாங்கேலாமல் இருந்துது. அவ கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப்போட்டுத் திரும்பவும் பாத்தா. "வடிவாத்தான் இருக்கு, தம்பி. ஆனா ரோட்டாலை போற சனமெல்லாம் நான் என்ன சமைக்கிறன் எண்டு பாக்குமே, முன்சுவர் எப்ப வைப்பீங்கள்?"

மேல்மாடியைக் காணேல்லை

பழைய சொப்ட்வெயரிலை ஒரு நேரத்திலை ஒரு வெட்டுத்தான். நானும் படியடியிலை ஒண்டைப் போட்டு ஆறு மாசமாய் அதையே காட்டிக்கொண்டிருந்தன். அங்கைதான் வீடு வடிவு. ஒரு திங்கட்கிழமை அப்டேட் வந்துது. இனி எத்தனை வெட்டும் போடலாமாம், வெட்டுப்பட்ட சுவருக்குத் தானாய் நிறம் நிரம்புமாம், வெட்டைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போகலாமாம். நல்லதுதானே எண்டு அக்காவின்ரை வீட்டைத் திறந்து ஒரு பட்டனை அமத்தினன். ஐயோ, மேல்மாடியைக் காணேல்லை!

அழிச்சுப்போட்டன் எண்டே நினைச்சன். அரை நாள் இருந்து முழு மேல்மாடியையும் திரும்பக் கீறினன். பின்னேரம் பக்கத்து மேசை இம்ரான் வந்து, வெட்டுக்கு எந்தப் பக்கம் தெரியவேணும் எண்டு காட்டுற அம்புக்குறியை மற்றப் பக்கம் திருப்பினான். மேல்மாடி வந்துது, அதுக்குள்ளை இன்னொரு மேல்மாடியும் இருந்துது. கொம்பனித்தெருக்காரன், சிரிப்பை அடக்கேலாமல் கதிரையிலை சாஞ்சிட்டான். "மச்சான், ஊடு எங்கயும் போகல்ல. நீதான் வெட்டுக்கு அந்தப் பக்கமா நிண்டு ஊட்டத் தேடிட்டு ஈக்கிற."

இன்னும் கொஞ்சம் தள்ளுங்கோ

கல் வைக்க நாலு நாள் இருக்கேக்கை, அக்காவும் அவவின்ரை மனுசன் சிவராசா அண்ணையும் கடைசியாய் ஒருக்காப் பாக்க வந்திச்சினம். புது வெட்டைக் காட்ட எனக்கு ஒரே அவசரம். படியடியிலை இருந்து இழுத்தன். "இன்னும் கொஞ்சம் தள்ளுங்கோ" எண்டா. தள்ளினன். சாமியறை வந்துது. அதுக்கு நேர் மேலை, வெள்ளை வெளேரெண்டு, சரிபாதியாய் வெட்டுப்பட்ட கொமட்.

ரெண்டு மாசத்துக்கு முதல் சாமியறையை இடம் மாத்தச் சொல்லி அவதான் கேட்டவ. கீழ்த்தளத்திலை மாத்தினன், மேலை என்ன எண்டு பாக்கேல்லை. அந்தப் பிளான்தான் மாநகரசபையிலை பாஸும் ஆச்சு. டொய்லட்டுக்குக் கீழை ஆராவது சாமி வைப்பினமோ? டொய்லட்டை நகர்த்தினால் குழாய், அத்திவாரம், பாஸான பிளான் எல்லாம் மாறவேணும். அதுக்குள்ளை ஆடி வந்திடும். அண்ணை கண்ணை மூடிக்கொண்டார். "என்ரை பிழைதான், அக்கா" எண்டன். அவ ஏசேல்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "ஆறு மாசமா என்ரை வீட்டை வெட்டி வெட்டிக் காட்டினீங்கள், தம்பி. வெட்டவேண்டிய இடத்திலை ஒருநாளும் வெட்டேல்லையே."

அரிசி மூடை

அண்டைக்கு மிச்ச நேரம் முழுக்க இம்ரானும் நானும் பதினொரு வெட்டுப் போட்டம். டொய்லட்டை எங்கை கொண்டுபோனாலும் ஏதோ ஒண்டு இடிச்சுது. கடைசியிலை எந்த வெட்டு எந்தப் பக்கம் பாக்குது எண்டு எனக்கும் விளங்கேல்லை, அவனுக்கும் விளங்கேல்லை.

அடுத்த நாள் காலமை, பார்மசி திறக்க முதல் அக்கா தனிய வந்தா. மவுசை என்னட்டை வாங்கி, வெட்டை மெல்ல மெல்ல மற்றப் பக்கம் இழுத்தா. களஞ்சிய அறையடியிலை நிப்பாட்டினா. அதுக்கு மேலை திறந்த பல்கணி, அதுக்கு மேலை வெறும் ஆகாயம். "இங்கையும் சாமி கிழக்குப் பாக்கும்தானே?" எண்டு கேட்டா. ஓம் எண்டன். ரெண்டு அறையும் ஒரே அளவு. ஒரு சுவரும் அசையத் தேவையில்லை, சாமியறை இங்கை, களஞ்சியம் அங்கை எண்டு பெயரை மாத்தி எழுதினாப் போதும். அவவைக் கும்பிடவேணும் போல இருந்துது. குறிச்ச நாளிலை கல் வைச்சாச்சு. களஞ்சிய அறைக்கு மேலை இப்ப கொமட் இருக்கே எண்டு நான் இழுக்க, அவ பூசைக்குப் பொங்கின சக்கரைப் புக்கையை என்ரை கையிலை வைச்சா. "அரிசியை நான் மூடி போட்டு வைப்பன், தம்பி. சாமியை அப்பிடி மூடேலாதே."

ஏழு வருசமாய் வீடு வெட்டுற எனக்கு, இப்பவும் அம்புக்குறியைப் பாத்தால்தான் உள்ளுக்கு நிக்கிறனோ வெளியிலை நிக்கிறனோ எண்டு தெரியும், ஆனால் ஆரின்ரை வீடு வந்தாலும் முதல் வெட்டுச் சாமியறையிலைதான்.