பத்தொன்பதாம் கட்டத்தில் வந்த மெட்டு

பல் கட்டும் பட்டறையில் அவருக்குக் ‘கடவாய்’ என்று பெயர். யாரோ கேலியாக வைத்தது. ஆனால் கடவாய்ப் பல் செய்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பதால் கேலி போய்ப் பட்டமாகவே நின்றுவிட்டது. இருபத்தாறு வருஷமாக ஒரே வேலை. மருத்துவர் அனுப்பும் தாடை அச்சில் பிளாஸ்டர் ஊற்ற வேண்டும். மெழுகில் பற்களை நட வேண்டும். மேல் தாடையும் கீழ்த் தாடையும் ஒழுங்காகக் கடிக்கிறதா என்று பார்த்து, மெருகேற்றி, சின்னப் பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டும். பெட்டியின் மேல் மருத்துவர் பெயர்தான் இருக்கும். பல்லை மாட்டிக்கொண்டவர் மருத்துவரின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குவார். இத்தனைக்கும் அந்த ஊரில் பாதிப் பேர் கடவாய் செய்த பல்லால்தான் மென்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தருக்காவது அவரைத் தெரியுமா? தெரியாது.

அவர் இதையெல்லாம் வெளியே சொல்லிப் புலம்புகிற ஆள் இல்லை. ஆனால் நாற்பது வயதைத் தாண்டியதும் உள்ளுக்குள் ஒரு அரிப்பு ஆரம்பித்தது. இது நான் செய்தது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வாழ்க்கையில் ஒன்றே ஒன்றாவது வேண்டாமா?

அந்தச் சமயத்தில்தான் பட்டறை வானொலியில் ஒருநாள் அந்த இசை வந்தது. யாரோ ஒருவர் கீபோர்டில் வாசிக்கிறார். ஒரு சின்ன மெட்டு தனியாகக் கிளம்புகிறது. அது பாதி வழி போனதும் அதே மெட்டு வேறு உயரத்தில் இன்னொரு குரலாக உள்ளே நுழைகிறது. முதல் குரல் வாயை மூடிக்கொள்ளாமல் வேறு ஏதோ சொல்லிக்கொண்டே கூடப் போகிறது. அப்புறம் மூன்றாவது குரல். மூன்றும் சேர்ந்து பேசுகின்றன, யாரும் யாரையும் மிதிக்கவில்லை. எல்லாம் ஒரே ஆளின் பத்து விரல். கடவாய் மெழுகுக் கத்தியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். அதற்கு ஃபியூக் என்று பெயர், முந்நூறு வருஷத்துக்கு முந்தைய பரோக் காலத்து வித்தை என்று அறிவிப்பாளர் சொன்னார்.

விஷயத்தை மனைவியிடம் விளக்கினார். “மூணு பேர் ஒரே நேரத்துல பேசுவாங்க, ஆனா ஒருத்தர் பேச்சை ஒருத்தர் கெடுக்க மாட்டாங்க.”

“நம்ம வீட்டுல நடக்காத காரியம்” என்றாள் மனைவி.

ஒரு கீபோர்டு வந்தது. தபால் வழிப் பாடம் வந்தது. படிப்படியாகத் தேர்வுகள். பன்னிரண்டு வருஷம், ஐயா, பன்னிரண்டு வருஷம்! சாயங்காலம் வேலை முடிந்து வந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்துவிடுவார். வெளியே இருப்பவர்களுக்கு இசை கேட்காது, கட்டை தட்டும் டொக் டொக் மட்டும்தான் கேட்கும். “தச்சுப் பட்டறைக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாகூட ஒரு நாற்காலியாவது கிடைச்சிருக்கும்” என்று மனைவி சொல்வாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காதில்தான் ஹெட்போன் இருந்ததே.

கடைசித் தேர்வு ஒன்றுதான் பாக்கி. மூன்று குரலில் சொந்தமாக ஒரு ஃபியூக் எழுதி அனுப்பி, பிறகு நேரில் போய் வாசித்துக் காட்ட வேண்டும். கூடவே ஒரு படிவம், இரண்டு பிரதி: ‘இது முழுக்க முழுக்க என் சொந்தப் படைப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒன்றை அனுப்பிவிட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று தடவைதான் முயற்சி செய்யலாம் என்பது விதி. இரண்டு தடவை தோற்றாகிவிட்டது. இரண்டு தடவையும் ஒரே குறிப்புதான் வந்தது: ‘குரல்கள் தனித்தனியே நிற்கவில்லை.’ இதுவும் போனால் கதை முடிந்தது.

மூன்றாவது ஃபியூக்கை எட்டு மாதம் எழுதினார். மேல் குரலுக்குச் சிவப்புப் பென்சில், நடுக் குரலுக்குப் பச்சை, கீழ்க் குரலுக்கு நீலம். தாளில் பார்த்தால் மூன்றும் அவ்வளவு சுத்தமாக இருந்தன. அனுப்புவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது ஹெட்போன் மண்டையைப் போட்டது. சரி, போகட்டும் என்று சத்தத்தைக் குறைத்து வைத்து ஹெட்போன் இல்லாமலேயே வாசித்தார்.

நாலாம் நாள் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஏதோ முனகிக்கொண்டிருந்தாள். நீளமான, கொஞ்சம் சோகமான மெட்டு. மேலே ஏறி, தயங்கி, வேறு பக்கமாக இறங்கியது.

“என்னது அது?”

“எது?”

“இப்போ முனகினியே.”

“உங்க பாட்டுதாங்க. நாலு நாளா அதைத்தானே வாசிக்கிறீங்க?”

“என் பாட்டுல அது கிடையாதே!”

“கிடையாதா? அப்போ எனக்கு எங்கேர்ந்து வந்துச்சாம், கனவுலயா? அந்த இடம்தாங்க நல்லா இருக்கு. மத்ததெல்லாம் ஏதோ கணக்கு போடுற மாதிரி போகுது.”

கடவாய்க்குத் தண்ணீர் மறந்துபோயிற்று. அறைக்கு ஓடிப்போய்த் தாளை விரித்தார். சிவப்பில் தேடினார், இல்லை. பச்சையில் இல்லை. நீலத்தில் இல்லவே இல்லை. எழுதாத மெட்டு எப்படி வெளியே கேட்கும்? ஒருவேளை எங்கேயோ கேட்டதைத் தெரியாமல் திருடி உள்ளே வைத்துவிட்டேனா? அப்படியானால் படிவத்தில் எந்த முகத்தோடு கையெழுத்துப் போடுவது? மறுநாள் பட்டறையில் ஒரு பெரியவரின் பல்வரிசையில் இடது பக்கப் பல்லை வலது பக்கம் நட்டுவைத்தார். இருபத்தாறு வருஷத்தில் நடக்காதது.

சாயங்காலம் மனைவியை அறைக்குள் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். “வாசிக்கிறேன். அந்த இடம் வந்தா நிறுத்தச் சொல்லு.”

முழுசாக வாசித்தார். அவள் எங்கேயும் நிறுத்தச் சொல்லவில்லை.

“என்ன?”

“வரவே இல்லையேங்க. வேற ஏதாவது வாசிச்சீங்களா?”

“அதேதான்!”

“இங்க எல்லாம் ஒரே கூட்டமா கேக்குது. அங்க தெளிவா கேட்டுச்சே” என்று எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கே புகையை வெளியே தள்ளும் விசிறி இரைந்துகொண்டிருந்தது. “இப்ப வாசிங்க!” என்று அங்கிருந்து கத்தினாள். அவர் வாசித்தார். பாதியில், “இதோ! இதோ வந்துடுச்சு!” என்று கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள்.

பத்தொன்பதாம் கட்டம். தாளில் கோடு போட்டுப் பிரித்த கட்டங்களில் பத்தொன்பதிலிருந்து இருபத்தாறு வரை. கடவாய் தாளை முறைத்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்கத்தான் விஷயம் விளங்கியது. அந்த எட்டுக் கட்டத்தில் பச்சைக் குரல் ஏறிச் சிவப்பைத் தாண்டுகிறது, சிவப்பு பச்சைக்குக் கீழே போகிறது, திரும்ப ஏறுகிறது. தாளில் நிறம் வேறு வேறு. கீபோர்டில் இரண்டுக்கும் ஒரே சத்தம்தானே? விசிறி இரைச்சலில் கீழே இருப்பதெல்லாம் அமுங்கிப்போக, எது உச்சியில் நிற்கிறதோ அது மட்டும் அவள் காதுக்குப் போயிருக்கிறது. சிவப்பில் ரெண்டு, பச்சையில் ஒன்று, மறுபடி சிவப்பு என்று பொறுக்கிச் சேர்த்த மெட்டு அது. யாரும் எழுதவில்லை. திருட்டு இல்லை என்று ஒரு நிம்மதி. ஆனால் எட்டு மாதம் உட்கார்ந்து தான் எழுதிய மூன்று மெட்டில் ஒன்றுகூட அவளுக்குப் பிடிக்கவில்லை, தான் எழுதாததுதான் பிடித்திருக்கிறது. இதற்குச் சிரிப்பதா, அழுவதா?

இதைவிடப் பெரிய இடி ஒன்று இருந்தது. குரல்கள் இப்படி ஒன்றை ஒன்று தாண்டுவதைத்தானே ‘தனித்தனியே நிற்கவில்லை’ என்று இரண்டு தடவையும் எழுதி அனுப்பினார்கள்?

உட்கார்ந்து திருத்தினார். பச்சையைக் கொஞ்சம் கீழே இறக்கினால் போதும், இரண்டு சாயங்கால வேலை. சுத்தமாக வந்தது. வாசித்தார். இரவுச் சாப்பாட்டின்போது மனைவி கேட்டாள்: “ஏங்க, இன்னிக்கு வாசிக்கலையா?”

“ஒரு மணி நேரம் வாசிச்சேனே!”

“அப்படியா?” என்றாள் அவள், குழம்பை ஊற்றியபடி. “எனக்கு ஒண்ணும் கேட்ட மாதிரி இல்லையே.”

அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் பச்சையைப் பழையபடி மேலே ஏற்றினார். அதற்கு அடுத்த நாள் இறக்கினார். தேய்த்துத் தேய்த்துத் தாள் அந்த இடத்தில் மெலிந்து போயிற்று. கடைசி நாள் காலையில் உறையை ஒட்டும்போது உள்ளே இருந்தது ஏற்றிய பிரதிதான். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. படிவத்தில் கையெழுத்துப் போடும்போது மட்டும் பேனா கொஞ்சம் இழுத்தது.

நேர்முகத்தில் தேர்வாளர் ஒரு அம்மா. கறார் முகம், கழுத்தில் தொங்கும் கண்ணாடி. கடவாய் வியர்த்து விறுவிறுத்து ஒரு தப்பில்லாமல் வாசித்து முடித்தார். அந்த அம்மா தாளைப் புரட்டினார்.

“பத்தொன்பதுலேர்ந்து இருபத்தாறு. ரெண்டு குரலும் ஒண்ணை ஒண்ணு தாண்டுது.”

“ஆமாங்கம்மா.”

“போன ரெண்டு தடவையும் இதைத்தான் சொல்லியிருக்கோம். ஆனா இங்க மேல ஒரு புது மெட்டு உருவாகுது. சொல்லப்போனா இந்தப் படைப்புலயே உயிர் இருக்கிற இடம் அதுதான்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரை நேராகப் பார்த்தார். “திட்டம் போட்டுச் செஞ்சீங்களா? ஆமான்னா இது உத்தி. முழு மார்க் தர்றேன். இல்லைன்னா பிழை.”

ஒரு வார்த்தை. ‘ஆமாம்’ என்று சொன்னால் பன்னிரண்டு வருஷம் பலித்துவிடும். கடவாய் வாயைத் திறந்தார்.

“முதல்ல எனக்குத் தெரியாதுங்கம்மா. என் வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும். தெரிஞ்சதும் எடுத்துட்டேன். அப்புறம் திரும்ப வெச்சேன்.”

“திரும்ப வெச்சப்போ தெரிஞ்சுதானே வெச்சீங்க?”

“தெரிஞ்சுதான். ஆனா அது நான் செஞ்சது இல்லையே. நான் சும்மா விட்டுவெச்சதுதானே?”

“அப்போ ஆமாவா, இல்லையா?”

கடவாய் தாளைப் பார்த்தார். உண்மையிலேயே யோசித்தார். “தெரியலைங்கம்மா” என்றார்.

அந்த அம்மா பேனாவைத் திறந்தார், மூடினார். ஏதாவது ஒன்று சொல்லுங்கள் என்று கெஞ்சுகிற மாதிரிகூட இருந்தது அவர் பார்வை.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தேர்ச்சி இல்லை. இனி முயற்சிக்கவும் வழி இல்லை. அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தேர்வு அறையில் நடந்ததை அப்போதுதான் மனைவியிடம் முழுசாகச் சொன்னார். அவளுக்கு வந்ததே கோபம்!

“ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்கு அழுகிடுமா? பன்னிரண்டு வருஷம் டொக் டொக்னு உயிரை வாங்கிட்டு, கடைசியில போய்த் தெரியலைன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்களே, மனுஷரா நீங்க?”

“என்னோடதுன்னு சொல்றதுக்காகத்தான்டீ இத்தனை வருஷமும் படிச்சேன்” என்றார் அவர். “சொல்ற நேரத்துல வாய் வரலை. அந்தப் பெட்டி மேல டாக்டர் பேர் போடுற மாதிரி இருந்துச்சு.”

“சரி, உங்களோடது இல்லைன்னா வேற யாரோடது?”

“உன்னோடதுன்னு நினைக்கிறேன். நீதானே கேட்டே?”

“எனக்கு ச எது, ரி எதுன்னே தெரியாது. என்ன உளர்றீங்க?”

“தெரியலை. எனக்கு ஒண்ணுமே புரியலை” என்றார் கடவாய்.

அவள் அறைக்குள் போய், அவர் வைத்திருந்த படிவப் பிரதியையும் பச்சைப் பென்சிலையும் எடுத்துவந்தாள். கடிதத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, படிவத்தை மேசையில் வைத்து, அவருடைய கையெழுத்துக்குக் கீழே, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினாள். அவளுக்கு எழுதிப் பழக்கம் விட்டுப்போய் வெகுகாலம் ஆகிவிட்டதால் வரி கொஞ்சம் கோணலாகப் போயிற்று. எழுதி முடித்துத் தன் கையெழுத்தையும் போட்டு அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

‘இதை இவர்தான் செய்தார். நான் கேட்டேன்.’

கடவாய் அதைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.