தன்லியினுக்குக் கொண்டுபோன கப்பல் படம்

நான் நாலாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்து கோணலாக வரும். முன்னால் நடந்தது பின்னால் வந்து நிற்கும், சிலது மறந்தும் போயிருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூசுகிறவள் எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது கடைசியில் வரும்.

போன வருஷம் மழை பிடிப்பதற்கு முன்னால், என் மகளுக்குச் சம்பந்தம் பேச ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தன்லியினுக்குப் போனோம். நாங்கள் பர்மாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள். மகளுக்கு முப்பத்து நாலு வயது. மாப்பிள்ளை மோன் இனத்தவர், பெகு பக்கத்துப் பழங்குடி. இருவருக்கும் அங்கே ஒரே தொழிற்சாலையில் வேலை, ஒரே பஸ்ஸில் போய் வந்து பழக்கம். அவர் வீட்டில் முதலில் மனமில்லை. இரண்டு வருஷம் கழித்துத்தான் வரச் சொன்னார்கள். இது தவறினால் இன்னொரு தடவை கூப்பிட மாட்டார்கள் என்று மகள் அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவளுக்குத் தகப்பன் இல்லை. ஆண் துணைக்கு என் தம்பி வந்தான். எங்கள் ஊர் லான்மடா பேட்டையில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறான். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் போனில் சோழர் கப்பல் படையைப் பற்றித்தான் பார்ப்பான். யானை ஏற்றிய கப்பல், குதிரை ஏற்றிய கப்பல், ராஜா அடித்த துறைமுகங்கள் என்று வரிசையாகச் சொல்வான். சின்ன வயதில் தமிழன் என்று தெருவில் கேலிப்பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது தலையைக் குனிந்து நடந்தவன் அவன். இந்தக் கப்பல்கள் அவனுக்கு மருந்து மாதிரி என்று நினைத்து நான் ஒன்றும் சொல்வதில்லை.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் அவன் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினான். தங்கப்பூச்சுச் சட்டம், கண்ணாடி எல்லாம் போட்டிருந்தது. பெரிய கடல், புலிக்கொடி கட்டிய கப்பல்கள் வரிசையாக. ஓரத்தில் ஒரு கரை. அங்கே வீடுகள் எரிகின்றன, ஜனங்கள் ஓடுகிறார்கள். சம்பந்தி வீட்டுக்குச் சீர் என்றான். அது எந்தக் கரை என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. வெற்றிலைத் தட்டைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

பஸ்ஸில் தாள் சுற்றிய படம் என் மடியில் இருந்தது. பாலம் ஏறும்போது மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. தாளைக் கொஞ்சம் விலக்கிப் பார்ப்பேன், மூடுவேன். பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. மகள் அதைப் பார்த்து என் முழங்காலில் கை வைத்தாள்.

மாப்பிள்ளையின் தகப்பனார் பஸ் ஓட்டி ஓய்ந்தவர். தாயார், வீட்டு வாசலில் காலையில் மீன்குழம்பு ஊற்றிய சேமியா, மோஹிங்கா என்பார்கள், அதை விற்கிறவர். நடுக்கூடத்தில் அரக்குப் பெட்டியில் லப்பெட்டு வைத்திருந்தார்கள். ஊறிய தேயிலை, வறுத்த பருப்பு, பூண்டு, எள். இங்கே வழக்கம் என்னவென்றால், பேச்சு நல்லபடி முடிந்ததும் எல்லாரும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தின்ன வேண்டும். தின்றால் முடிந்தது, அப்புறம் யாரும் பேச்சு மாறக்கூடாது. மூடியைத் திறந்து பக்கத்தில் வைத்திருந்தார்கள். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேச்சு பர்மா பாஷையில் நல்லபடியாகவே போனது. அப்போது தம்பி தாளைப் பிரித்தான். தகப்பனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்து, இது எந்த ஊர் என்றார்.

"உங்க பெகு கரைதான், பெரியவரே. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி எங்க ராஜா கப்பல் கொண்டாந்து ஜெயிச்ச இடம்" என்றான் தம்பி. இரண்டு குடும்பத்துக்கும் அத்தனை பழைய சொந்தம் என்று காட்டுவதாக அவன் நினைப்பு.

தாயார் மூடியை எடுத்து லப்பெட்டுப் பெட்டியை மூடினார். கோபமாக இல்லை. ஈ மொய்க்காமல் மூடுகிற மாதிரி.

"எரியுறது யார் வீடு?" என்றார் தாயார். "எங்க அம்மா வீடு பெகுலதான்."

தகப்பனார் சிரித்துக்கொண்டே, "பொண்ணு குடுக்க வந்தீங்கன்னு நினைச்சேன். மறுபடி ஜெயிக்கத்தான் வந்தீங்களா?" என்றார். மகள் என்னைப் பார்த்தாள். முந்தின நாளே நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் படம் வந்திருக்காது.

எப்படி வாய் திறந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. நான் சம்பந்தியம்மாவைப் பார்த்துச் சொன்னேன். என் வீட்டுக்காரர் போன பிறகு பதினாலு வருஷம் போட்டாதாங் படகுத்துறையில் படகுக்காரர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டேன். தண்ணீர் ஏறாமலோ காற்று அடித்தோ படகு ஒரு நாள் நின்றுவிட்டால் எனக்கு ஒரு பானை சோறு கூடப் பொங்க வேண்டியிருக்கும். அந்தக் காலத்துப் பாய்மரக் கப்பல் மழைக்காற்றில் வரும், குளிர்காற்றில்தான் திரும்பும் என்று என் அப்பா சொல்வார். அவரும் துறையில் மூட்டை சுமந்தவர். அப்படியானால் வந்த காற்றிலேயே இந்தக் கப்பல்கள் திரும்பியிருக்க முடியாது. மழை முழுக்க இங்கேதான் கிடந்திருக்க வேண்டும்.

"வீட்டை எரிச்சவனுக்கு யாரும் மனசார சோறு போட்டிருக்க மாட்டாங்க. ஆனா இந்தக் கரைல யாரோ ஒரு பொம்பளை பொங்கித்தான் போட்டிருக்கணும். இல்லைன்னா ஒரு கப்பலும் திரும்பிப் போயிருக்காது. இந்தப் படத்துல அவளைக் காணோம்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

சம்பந்தியம்மா தம்பியிடம் ஒரு கப்பலில் எத்தனை பேர் என்று கேட்டார். தம்பி தயங்கித் தயங்கி, நூறு இருநூறு இருக்கும் என்றான். அவர் என் பக்கம் திரும்பினார்.

"மழையில விறகுக்கு என்ன பண்ணியிருப்பா?"

"ஈர விறகுதான். ஊதி ஊதிக் கண்ணு போயிருக்கும்."

"அரிசியை முன்னாடியே ஊறப்போட்டிருப்பா" என்றார் அவர். அப்படியே பானை, உப்பு, மீன் காய வைப்பது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனோம். தகப்பனார், "ரெண்டு சமையக்காரிங்க சேர்ந்து ராஜாவைக் கரைலயே உட்கார வச்சிட்டாங்க" என்றார். அப்போதுதான் சம்பந்தியம்மா சிரித்தார். மூடியை அவரே எடுத்தார். முதல் பிடி லப்பெட்டை என் தம்பியிடம்தான் நீட்டினார். அவன் இரண்டு கையாலும் வாங்கினான்.

ஆனால் ஒன்று சொன்னார். படத்தை அப்படியே மாட்ட முடியாது. நான் சொன்னதை எழுதிக் கொடுத்தால், மகள் பர்மா பாஷையில் மாற்றி எழுதுவாள், அதைப் படத்துக்குக் கீழே ஒட்டி மாட்டலாம். "உண்மையா இருந்தா" என்றார்.

மழை மூன்று மாதப் புத்த நோன்பில் இங்கே கல்யாணம் வைக்க மாட்டார்கள், அது முடிந்து கல்யாணம் நடந்தது. நான் இன்னும் எழுதிக் கொடுக்காததால் படம் அவர்கள் அரிசிப் பெட்டிக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. போகும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போகிறது. அன்றைக்கு மகளுக்காக வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன், பொய் சொல்லிச் சம்பந்தம் முடித்தேனோ என்று தூக்கம் வருவதில்லை. தம்பியும் தேடிப் பார்த்துவிட்டான். கப்பல் எத்தனை என்று சொல்கிறவர்கள் சோற்றைப் பற்றிச் சொல்வதில்லை என்கிறான்.

ஆகையால் படித்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். எந்த மாதக் காற்றில் வந்தார்கள், எந்தக் காற்றில் போனார்கள், மழை முழுக்க இங்கே இருந்தார்களா, பெகு கரைக்கு வந்ததுதான் நிஜமா. நான் சொன்னது தப்பாக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சம்பந்தியம்மாவிடம் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.