படுத்துக்கிடந்த கம்பம்

தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு மின்சாரம் கொடுக்க வந்த லைன்மேன் அவர். காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். கம்பத்தைத் தங்கள் பக்கம்தான் நட வேண்டும் என்று தோட்டத்தாரும் கிராமத்தாரும் மல்லுக்கட்டினார்கள். அதனால் அவர் மாதம் ஒருமுறை வந்து, படுத்துக்கிடந்த கம்பத்தில் உட்கார்ந்து பாலில்லாத பிளேன்டீ குடித்துவிட்டுப் போவார்.

நான் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார்; ஒருநாள் பேப்பரில் படித்ததை அவரிடம் சொன்னேன். "பெரிய நாடுங்க எல்லாம் கூடி, சூரியன்ல நடக்கிற மாதிரி அணுவ இணைச்சு கரண்ட் எடுக்கப் பாக்குறாங்களாம்."

"மெஷின எந்த நாட்டுல வைக்கிறாங்க?"

"அதுலதான் வருஷக்கணக்கா இழுபறி. இப்ப முடிவாகி, கையெழுத்தும் போட்டுட்டாங்க."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "எடம் முடிவாயிருச்சா? அப்ப நம்மள முந்திருவாங்களே, மாஸ்டர்!"

கேலியா, கவலையா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. இதையும் குப்பி விளக்கு வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன்.